பயிற்சி ஆசிரியர்களுக்கு வராண்டா தானா?



சில மாதங்களுக்கு முன் ஒரு பொதுக் கூட்டத்திற்காக வெளியூர் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து என் தங்கை வீட்டில் தங்கினேன். தங்கை மகள் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கணக்குப் பாடம். அந்த ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகப் போய் வந்து கொண்டிருந்தாள். இரவு பதினொரு மணிக்கு மேலும் தரையில் உட்கார்ந்து அட்டையில் வண்ணத் தாள் ஒட்டிக் கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்தில் என்னம்மா கற்றுக் கொண்டாய்?" என்று கேட்டேன்.

"கையெழுத்து வாங்கக் கற்றுக் கொண்டேன் மாமா" என்றாள்.

அவள் சிரித்துக் கொண்டு தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பயிற்சிக்குப் போனவர்கள் ஐந்து பேர். முதல் நாளே, நீண்ட விடுப்பில் இருந்த ஓர் ஆசிரியரின் வகுப்புகளை இவர்கள் தலையில் கட்டி விட்டார்கள். ஆசிரியர் அறையில் இவர்களுக்கு நாற்காலி இல்லை. மதியச் சாப்பாடு வராண்டாவில். வழிகாட்டி ஆசிரியர் நல்லவர் தான். ஆனால் பன்னிரண்டு பாடக் குறிப்புகளை ஒரே மூச்சில், பக்கத்தைக் கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். "உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று ஒரு மூத்த ஆசிரியையிடம் கேட்டதற்கு, "என் வகுப்பில் உனக்கென்ன வேலை?" என்று பதில் வந்ததாம்.

இது மட்டுமல்ல. பயிற்சிக்கு வந்த ஐந்து பேருக்குள்ளேயே ஒட்டுதல் இல்லை. யார் மதிப்பெண் அதிகம் வாங்குவது என்ற போட்டி. ஒருத்தி தயாரித்த வரைபடத்தை இன்னொருத்தி பார்த்து விடக் கூடாது என்று துணியில் சுற்றிக் கொண்டு வருகிறாளாம்.

அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதை நடத்துபவர்கள் வேறு யாரோ அல்லர். நம்மவர்கள் தாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பெயரை எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கோபப்படுவார்கள், மற்றவர்கள் நிம்மதியாக இருந்து விடுவார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இதே கதை நடக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெயரை விட்டு விடுகிறேன்.

விதி என்ன சொல்கிறது?

பி.எட். படிப்பு முன்பு ஓராண்டாக இருந்தது. ஆசிரியர் கல்வி தரமிழந்து போய் விட்டது என்ற புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று, நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2012ல் அந்தக் குழு அறிக்கை தந்தது. அதன் பிறகு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ல் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளிகளோடு தொடர்புடைய களப் பயிற்சி மொத்தம் 20 வாரங்கள். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம்.

எதற்காக வாரங்களைக் கூட்டினார்கள்? பள்ளிக்கூடங்களுக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைக்கட்டும் என்பதற்காகவா? இல்லை. தொடக்கத்தில் ஒரு வாரம், பணியில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பைப் பயிற்சி மாணவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று அந்தப் பாடத்திட்டமே சொல்கிறது. பயிற்சி மாணவர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் வந்து பார்க்க வேண்டும். பார்த்து விட்டு நிறை குறைகளைச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உள்ளது.

அதாவது, பார்ப்பதும் பேசுவதும் தான் பயிற்சி. நாம் பார்ப்பதையும் பேசுவதையும் எடுத்து விட்டுக் கையெழுத்தை மட்டும் வைத்துக் கொண்டோம்!

கல்லூரிக்குள் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று நடத்துகிறார்கள். ஒரு மாணவி சில நிமிடங்கள் பாடம் நடத்துவாள். சக மாணவிகள் பார்த்துக் குறை சொல்வார்கள். திருத்திக் கொண்டு மறுபடியும் நடத்துவாள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே எதிரில் இருப்பது குழந்தைகள் அல்ல, தோழிகள். உண்மையான குழந்தைகள் முன்னால் நிற்கும் நாளில், எப்போது பக்கத்தில் ஒருவர் தேவையோ அப்போது, அவளைத் தனியாக விட்டு விடுகிறோம்.

கடைக்கு ஒரு நியாயம், பள்ளிக்கு ஒரு நியாயமா?

வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஜவுளிக் கடையில் ஒரு பையன் புதிதாக வேலைக்குச் சேர்கிறான். முதல் நாளே அவனிடம் ஒரு பகுதியை ஒப்படைத்து விட்டு நீங்கள் வெளியூர் போய் விடுவீர்களா? மாட்டீர்கள். அனுபவமுள்ள ஒரு விற்பனையாளர் பக்கத்தில் அவனை நிறுத்துவீர்கள். துணியை எப்படி விரித்துக் காட்டுகிறார், வாடிக்கையாளரின் முகத்தை எப்படிப் படிக்கிறார், விலையை எந்த நேரத்தில் சொல்கிறார் என்று அவன் பார்த்துக் கொண்டே நிற்பான். முதலில் துணி மடிப்பான். பிறகு அளப்பான். பிறகு தான் விற்பான். கல்லாவுக்கு வர இன்னும் எத்தனையோ காலம் ஆகும்.

இரவு கடை அடைத்த பிறகு என்ன நடக்கிறது? "அந்த அம்மா இவ்வளவு நேரம் பார்த்து விட்டு ஏன் வாங்காமல் போனார்?" என்று பேசிக் கொள்கிறீர்கள். "கேட்ட நிறத்தைக் காட்டாமல் நம்மிடம் இருந்த நிறத்தையே காட்டிக் கொண்டிருந்தோம்" என்று ஒருவர் சொல்வார். சில நேரம் அதைச் சொல்பவன் டீ வாங்கி வரும் சின்னப் பையனாகக் கூட இருப்பான். அவன் சொன்னது சரி என்றால் மறுநாள் நீங்கள் மாற்றிக் கொள்கிறீர்கள். ஏனென்றால் மாற்றிக் கொள்ளாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

அதே நீங்கள் தான் பள்ளிக்கூட நிர்வாகக் கமிட்டியிலும் இருக்கிறீர்கள். "இந்தக் குழந்தைக்கு ஏன் புரியவில்லை?" என்று உங்கள் பள்ளி ஆசிரியர்கள் மாலையில் உட்கார்ந்து பேசியதை நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? அப்படிப் பேச அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்ததுண்டா? வாடிக்கையாளர் திரும்பிப் போனால் வருத்தப்படும் நாம், ஒரு குழந்தை புரியாமல் திரும்பிப் போனால் மட்டும் ஏன் வருத்தப்படுவதில்லை?

அரை மீட்டரும் மூன்றில் ஒரு மீட்டரும்

"அப்படியானால் இத்தனை வாரத்தில் நீ ஒன்றுமே கற்கவில்லையா?" என்று தங்கை மகளிடம் கேட்டேன். "ஒரே ஒரு நாள் கற்றேன் மாமா" என்று அவள் சொன்னது தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும் பாடம் நடத்தியிருக்கிறாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? கரும்பலகையில் அழகாகச் செய்து காட்டி, "புரிந்ததா?" என்று கேட்டிருக்கிறாள். "புரிந்தது டீச்சர்!" என்று வகுப்பே முழங்கியிருக்கிறது. அவளுக்கும் திருப்தி.

அன்று தற்செயலாக அவளோடு பயிற்சிக்கு வந்த ஒரு தோழிக்கு வகுப்பு இல்லை. வராண்டாவில் வெயில் தாங்காமல் இவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தோழி முஸ்லிம் அல்ல. வேறு ஊர், வேறு கல்லூரி. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், பக்கத்தில் மூன்று பையன்கள் அடுத்த கணக்கிற்கு விடை எழுதுவது தெரிந்தது. மேலே உள்ள எண்களைக் கூட்டி மேலே, கீழே உள்ள எண்களைக் கூட்டிக் கீழே எழுதுகிறார்கள். அரையும் மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டாம்!

முன்னால் நின்று பாடம் நடத்தியவளுக்கு இது தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்தது. மதியம் சாப்பிடும் போது மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். முதலில் இவளுக்குக் கோபம். "நான் நடத்தியதில் குறை கண்டுபிடிக்கிறாளே" என்ற எண்ணம். பிறகு இருவருமாக யோசித்திருக்கிறார்கள். பையன்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரிந்து விட்டது. எப்படித் திருத்துவது என்பது தெரியவில்லை. தைரியத்தை வரவழைத்துக் கொண்டு, ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்த ஒரு கணக்கு ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அதுவரை இவர்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர் அவர்.

"தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று கொண்டு வாருங்கள்" என்றாராம் அவர்.

மறுநாள் வகுப்பில் டேப்பை நீட்டிப் பிடித்தார்கள். அரை மீட்டர் துணி எவ்வளவு? 50 சென்டிமீட்டர். அதோடு இன்னும் கொஞ்சம் துணியைச் சேர்க்கிறோம். உங்கள் விடை ஐந்தில் இரண்டு மீட்டர். அது எவ்வளவு? பையன்களே அளந்தார்கள். 40 சென்டிமீட்டர்! துணியைச் சேர்க்கச் சேர்க்கக் குறைகிறதே என்று வகுப்பே சிரித்தது. தவறு செய்த மூன்று பேரும் சேர்ந்து தான் சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு காகிதத் துண்டை ஆறு சம பாகமாக மடித்தார்கள். அரை என்பது மூன்று பாகம். மூன்றில் ஒன்று என்பது இரண்டு பாகம். சேர்த்தால் ஆறில் ஐந்து. மீட்டரில் 83 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கீழ் எண்ணை ஏன் சமமாக்க வேண்டும் என்பது அப்போது தான் அந்தக் குழந்தைகளுக்கு விளங்கியது.

வகுப்பு முடிந்ததும் அந்த மூத்த ஆசிரியர் சொன்னாராம்: "நானும் வருடக் கணக்கில் விதியைத் தான் சொல்லிக் கொடுத்து வந்தேன். டேப் விஷயம் எப்போதோ தோன்றியது, மறந்தும் விட்டேன். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்ததே இல்லை."

சிந்தித்துப் பாருங்கள். அன்று கற்றவர் யார்? குழந்தைகள் கற்றார்கள். தங்கை மகள் கற்றாள். தோழி கற்றாள். மூத்தவரும் கற்றார். இதற்கு எவ்வளவு செலவானது? ஒரு டேப்பின் விலை கூட இல்லை. அதையும் இரவல் வாங்கி வந்தார்கள். ஆனால் இந்த ஒரு நாள், வெயில் அதிகமாக இருந்த காரணத்தால் கிடைத்தது. யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தியது அல்ல. வெயில் குறைவாக இருந்திருந்தால் அந்த மூன்று பையன்களும் ஐந்தில் இரண்டோடு ஏழாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள்!

ஜப்பானில் எப்படி?

வெயிலை நம்பாமல் இதையே வழக்கமாக வைத்திருக்கும் நாடு ஜப்பான். "ஜூகியோ கென்கியூ" என்று அதற்குப் பெயர். பாட ஆய்வு என்று சொல்லலாம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருக்கும் வழக்கம். 1999ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இது பற்றி ஒரு நூலில் விரிவாக எழுதிய பிறகு உலகம் முழுவதும் பேசப்பட்டது.

சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக் கொள்வார்கள். குழந்தைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே யோசித்துத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பைச் சுற்றி நின்று, ஆசிரியரை அல்ல, குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பு எடுப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது என்பதால், அதில் காணும் குறையும் எல்லோருடைய குறையாகி விடுகிறது. நடத்தியவர் கூனிக் குறுக வேண்டியதில்லை.

அங்கே ஆசிரியர் பயிற்சிக்குப் பள்ளிக்கு வரும் மாணவர்களும் பயிற்சியின் முடிவில் இப்படி ஒரு பாடத்தை மற்ற ஆசிரியர்கள் பார்க்க நடத்துகிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் பள்ளியில் இருப்பது சில வாரங்கள் தான். நமக்கு 16 வாரம் இருக்கிறது. குறைவது வாரமல்ல சகோதரர்களே, மனம்!

நமக்குப் புதிதா இது?

மத்ரஸாவில் ஓதிய என்னைப் போன்றவர்களுக்குத் தக்ரார் தெரியும். உஸ்தாத் பாடம் நடத்தி முடித்த பின், இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து அதே பாடத்தை ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்போம். "நீ சொன்னது தப்பு" என்று தயங்காமல் சொல்வோம். நான் கற்ற பாதி தக்ராரில் கற்றது தான். இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் தங்கள் ஆசிரியரோடு கருத்து வேறுபட்ட இடங்கள் அந்த மத்ஹபின் நூல்களிலேயே பதிவாகியிருக்கின்றன. ஆசிரியரின் மதிப்பு அதனால் குறைந்து விட்டதா?

இவ்வளவையும் எழுதும் நான் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். மாணவனாக இருந்த வரை தான் எனக்குத் தக்ரார். உஸ்தாதாக ஆனதும் அது நின்று போனது. இளம் உஸ்தாத் ஒருவர் ஒரு நாள், "ஹஜ்ரத், நீங்கள் ஸர்ஃப் நடத்துவதை வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டார். என்னைச் சோதிக்க வருகிறார் என்று நினைத்துக் கொண்டு, ஏதோ காரணம் சொல்லி அனுப்பி விட்டேன். அவர் மறுபடியும் கேட்கவில்லை. என் தங்கை மகளிடம் "உனக்கென்ன வேலை?" என்று கேட்ட அந்த ஆசிரியையை நான் எந்த முகத்தோடு குறை சொல்வது?

சிலர் கேட்கலாம்

"பாடத்தை முடிக்கவே நேரமில்லை, உட்கார்ந்து பேச ஏது நேரம்?" என்று சிலர் கேட்கலாம். ஐந்தில் இரண்டு என்று எழுதும் பையனை வைத்துக் கொண்டு பாடத்தை முடித்து என்ன பயன்? அடுத்த ஆண்டு அதே பாடத்தை மறுபடியும் நடத்த வேண்டி வருமே, அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வரும்?

"பெண் பிள்ளைகள் ஆண் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவது எப்படி?" என்பது இன்னொரு கேள்வி. தலைமை ஆசிரியர் முன்னிலையில், எல்லோரும் இருக்கும் ஆசிரியர் கூட்டத்தில் பாடத்தைப் பற்றிப் பேசுவதில் என்ன தடை? பெண் ஆசிரியைகள் இருக்கும் பள்ளியில் அவர்களே வழிகாட்டியாக இருக்கட்டும். இந்தக் காரணத்தைச் சொல்லி அந்தப் பெண்களை, போவோர் வருவோர் பார்க்கும் வராண்டாவில் உட்கார வைப்பது மட்டும் கண்ணியமா?

"என் உழைப்பை இன்னொருத்தி காப்பியடித்து என்னை விட அதிக மதிப்பெண் வாங்கி விட்டால்?" என்று பயிற்சி மாணவிகளே கேட்கிறார்கள். சகோதரிகளே! அரசுப் பள்ளி வேலையை முடிவு செய்வது தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும். தனியார் பள்ளியில் உங்களை வகுப்பு நடத்திக் காட்டச் சொல்கிறார்கள். துணியில் சுற்றி மறைத்த வரைபடம் எங்கே உங்களுக்குக் கை கொடுக்கப் போகிறது? நீங்கள் மறைத்து வைத்தது உங்களுக்கும் உதவாமல் பரணில் தான் கிடக்கும்.

என்ன செய்யலாம்?

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இவற்றை வைத்துப் பேச வேண்டும்.

முதலாவது: பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஆசிரியர் அறையில் இடம் கொடுங்கள். ஐந்து நாற்காலி வாங்க முடியாத ஏழ்மையில் நாம் இல்லை.

இரண்டாவது: முதல் வாரம் அவர்கள் பார்க்க மட்டும் செய்யட்டும். காலியிடத்தை நிரப்ப அவர்களைப் பயன்படுத்தாதீர்கள். காலியிடம் இருந்தால் சம்பளம் கொடுத்து ஆள் போடுங்கள்.

மூன்றாவது: வாரத்தில் ஒரு பாட வேளை, ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் சேர்ந்து உட்கார அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும். ஆசிரியர் என்ன தவறு செய்தார் என்று பேசக் கூடாது. பிள்ளைகள் என்ன எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று தான் பேச வேண்டும்.

நான்காவது: மூத்த ஆசிரியர்களில் யார் தன் வகுப்புக் கதவை முதலில் திறந்து விடுகிறாரோ, அவரை மேடையேற்றிப் பாராட்டுங்கள். ஆண்டு விழாவில் சால்வை போட நாம் வெளியூர்ப் பிரமுகர்களைத் தேட வேண்டியதில்லை.

பயிற்சிக்குப் போகும் இளைஞர்களே! நிர்வாகம் மாறும் வரை காத்திருக்காதீர்கள். உங்களோடு வந்தவரின் வகுப்பில் நாளைக்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் வகுப்புக்கு அவரை அழையுங்கள். அவர் எந்த மதம், எந்தக் கல்லூரி என்று பார்க்காதீர்கள். காசு கொடுத்து ரெக்கார்டு எழுதி வாங்காதீர்கள். அப்படி வாங்குபவர் ஏமாற்றுவது கல்லூரியை அல்ல. நாளை தன் முன்னால் உட்காரப் போகும் குழந்தையை.

பெற்றோரே! மகள் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால், "கையெழுத்து வாங்கி விட்டாயா?" என்று கேட்காதீர்கள். "இன்று யார் வகுப்பைப் பார்த்தாய்? உன் வகுப்பை யார் பார்த்தார்?" என்று கேளுங்கள்.

தமிழகத்தில் 2007ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகித இட ஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக வீதியில் நின்றோம், கேட்டுப் பெற்றோம். அந்த இடங்களில் போய் உட்காரப் போகும் பிள்ளை, ஆறாம் வகுப்பில் ஒழுங்காகக் கற்றிருக்க வேண்டாமா? அதை யாரிடம் மனுப் போட்டுக் கேட்பது? அது நம் கையிலேயே இருக்கிறது.

அந்த இளம் உஸ்தாத் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். இதை எழுதி முடித்ததும் அவருக்குப் போன் செய்தேன். இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் அவருடைய மத்ரஸாவுக்குப் போகிறேன். பயான் செய்வதற்காக அல்ல. அவர் பாடம் நடத்தும் போது கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்காக.